ரேஷன் கடைக் கைரேகையும் மிருகத்தின் முத்திரையும்

பாறசாலையிலிருந்து ஒரு நர்சிங் மாணவி கேட்டிருக்கிறாள்: "டீச்சர், எங்கள் சித்தி மூன்று மாதமாக ரேஷன் கடைக்குப் போவதில்லை. பெருவிரலை மெஷினில் வைப்பது மிருகத்தின் முத்திரையை வாங்குவதற்குச் சமம் என்கிறார். செல்போனில் ஒரு பிரசங்கம் பார்த்த பிறகுதான் இப்படி. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13-இல், மிருகத்தின் முத்திரையை வலதுகையிலோ நெற்றியிலோ பெறாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது, அந்த மிருகத்தின் இலக்கம் 666 என்று இருக்கிறது. வலதுகை, வாங்கல் விற்றல், இலக்கம் மூன்றும் வந்துவிட்டதே என்று அந்த வசனத்தை எடுத்துக் காட்டுகிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது வேதத்தில் உள்ளதா, இல்லை சினிமாவும் அரசியலும் சேர்ந்து உண்டாக்கியதா?"

மக்களே, முதலில் ஒன்று. சித்தியைப் பார்த்துச் சிரித்துவிடாதே. அரிசி போனாலும் போகட்டும், விசுவாசம் போகக்கூடாது என்று நினைக்கிறவர் அவர். அந்த மனசை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவர் மனசுக்குள் ஓடுகிற காட்சி வேதத்திலிருந்து நேராக இறங்கி வரவில்லை. எந்த வழியாக, யார் யார் கை மாறி நம் ஊர்வரை வந்தது என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். அதே காட்சி என் மனசிலும் பல வருடம் ஓடியது.

எனக்குப் பதினோரு வயது. குழித்துறைப் பக்கம் எங்கள் சபை முற்றத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி ஒரு இங்கிலீஷ் படம் போட்டார்கள். உபதேசியார் மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெண் காலையில் கண்விழிக்கிறாள். பக்கத்தில் புருஷன் இல்லை. அவன் முகம் மழிக்கிற மின்சார ரேசர் மட்டும் தொட்டிக்குள் கிடந்து இரைந்துகொண்டிருக்கிறது. "அவன் எடுத்துக்கொள்ளப்பட்டான், இவள் கைவிடப்பட்டாள்" என்றார் உபதேசியார். மின்சார ரேசரை நாங்கள் யாரும் அதுவரை கண்டதில்லை. அந்த இரைச்சல் மட்டும் காதுக்குள் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் மரச்சீனி கொதிக்கிறது, அம்மை இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கர்த்தர் வந்து அம்மையைக் கொண்டுபோய்விட்டார், நான்தான் விடுபட்டுப் போனேன் என்று நெஞ்சு அடைத்துவிட்டது. அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் அம்மை மெஷினைச் சுற்றிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்து அவள்தான் பயந்துபோனாள். என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பார், இதேபோல ஒரு கதை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று தெரியும்.

அந்தப் படம் 1972-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எடுக்கப்பட்ட 'எ தீஃப் இன் த நைட்' என்று பெரியவளான பிறகுதான் அறிந்தேன். தியேட்டருக்காக எடுத்த படம் இல்லை. சபைகளில் போட்டுக் காட்டுவதற்கென்றே எடுத்தது. ஆட்கள் மறைந்த பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் பேரில் உலகம் முழுக்க ஒரே அரசாங்கம் வரும், கையில் முத்திரை குத்தாதவர்களைத் தேடிப் பிடிக்கும். சித்தி பார்த்த பிரசங்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது. அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். பார்த்தவர்கள் பிரசங்கம் பண்ணினார்கள், அதைக் கேட்டவர்கள் இன்று வீடியோ போடுகிறார்கள்.

இப்போது வேதத்தைத் திற. 1 தெசலோனிக்கேயர் 4-இல் பவுல் சொல்வது என்ன? கர்த்தர் ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் இறங்கிவருவார். மரித்தோர் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். எக்காளம் ஊதி நடக்கிற காரியத்துக்கு, கர்த்தர் யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போவார் என்ற அர்த்தத்தில், நாம் 'இரகசிய வருகை' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொற்றொடர் வேதத்தில் எங்கேயும் கிடையாது. செத்துப்போன உறவினரை நினைத்து அழுதுகொண்டிருந்த தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய ஆறுதல் அது. "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. அந்த வார்த்தைகளைக் கொண்டு ஒரு பதினோரு வயதுப் பிள்ளையை அழவைத்தது நாம்தான்.

அப்படியானால் இரகசிய வருகை, அதற்குப் பிறகு பூமியில் ஏழு வருட உபத்திரவம் என்கிற அட்டவணை எங்கே உருவானது? 1830-களில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் சகோதரர் சபைக்காரர்கள் நடுவே, ஜான் நெல்சன் டார்பி என்பவர் வேத வரலாற்றைப் பல காலங்களாகப் பிரித்துப் போதித்ததிலிருந்து அது பரவியது. அவருக்கு முன்னால் சபை வரலாற்றில் 1,800 வருடம் இந்த வடிவத்தில் இந்தப் போதனையைக் காண்பது அரிது. 1909-இல் அமெரிக்காவில் ஸ்கோஃபீல்ட் என்பவர் அந்த முறையை வேதாகமத்தின் அடிக்குறிப்பாகவே போட்டு அச்சிட்டார். மேலே வசனம், கீழே அவருடைய விளக்கம், ஒரே தாளில். நாற்பது வருடம் அதைப் புரட்டுகிறவருக்கு எது எசேக்கியேல் சொன்னது, எது ஸ்கோஃபீல்ட் சொன்னது என்கிற கோடு அழிந்துபோகும். நம் கன்வென்ஷன் பந்தல்களில் தொங்கும் வட்டமும் அம்புக்குறியும் போட்ட துணிப் படம் இருக்கிறதே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

நாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் இல்லை. நாமும் தேதி குறித்திருக்கிறோம். 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு எழுப்புதல், அதாவது சபைகளில் ஒரு பக்தி எழுச்சி, உண்டாயிற்று. 1873 அளவில் திருவிதாங்கூரிலும் உண்டாயிற்று. அதில் எழும்பியவர் யுஸ்துஸ் யோசேப்பு, பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். வித்வான் குட்டி அச்சன் என்பார்கள். அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகள் கேரள சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்துத் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். அந்த வருடமும் மற்ற வருடங்களைப் போலவே கடந்தது. அமெரிக்காவில் இதேபோல நாள் குறித்த வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-ஆம் தேதி இரவு முழுக்கக் காத்திருந்து காலையில் அழுதார்களே, அதே கண்ணீர் இங்கேயும் விழுந்திருக்கும். இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தங்கள் காலத்துப் பரபரப்பை வசனத்துக்குள் வைத்து வாசித்துவிட்டார்கள்.

அரசியல் எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பக்கத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது 'சோவியத் நாடு' பத்திரிகை எங்கள் பக்கத்துப் பல வீடுகளுக்கும் வரும். வழவழப்பான தாள், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் நையாது. பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. என் ஞாயிறு பள்ளி நோட்டுக்கும் அப்பா அதில்தான் அட்டை போட்டுத் தந்தார். கோதுமை வயல், டிராக்டர்மேல் தலையில் துணி கட்டிய ஒரு பெண், சிரித்த முகம். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான், கோகு என்ற அதிபதி இஸ்ரவேலின்மேல் படையெடுத்து வருவதைச் சொல்லும் எசேக்கியேல் 38-ஆம் அதிகாரத்தைக் குறிப்பெடுத்தேன். "கோகு என்பது ரஷ்யா. மேசேக் என்பது மாஸ்கோ. தூபால் என்பது தொபோல்ஸ்க். ரோஷ் என்பதே ரஷ்யா." கையை எடுத்தால் அட்டையில் அந்த ரஷ்யப் பெண் சிரிக்கிறாள். இவளா இஸ்ரவேலின்மேல் குதிரையேறி வரப்போகிறாள் என்று மனசுக்குள் ஒரு சங்கடம். கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்றைக்குக் கேட்பேன். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்தில் ரோஷ் என்ற பெயரே இல்லை, "மேசேக் தூபால் ஜாதிகளின் அதிபதியாகிய" என்றுதான் இருக்கிறது. எபிரெயத்தில் ரோஷ் என்றால் தலை, தலைவன். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் அதை ஊர்ப்பெயர்போல எழுதிவிட்டார்கள், அதிலிருந்துதான் வம்பு. எசேக்கியேல் கேபார் நதியண்டையில் சிறைப்பட்டிருந்தது கிறிஸ்துவுக்கு முன் 6-ஆம் நூற்றாண்டு. மாஸ்கோ என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது கி.பி. 1147-இல். மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த இனங்கள் என்று அசீரியக் கல்வெட்டுகளே காட்டுகின்றன.

இதைவிட முக்கியமானது, கோகு யார் என்ற பதில் காலத்துக்குக் காலம் மாறிய விதம். முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், கோகுவின் தேசமான மாகோகு என்பது சீத்தியர் என்றார். நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியை கோத்தியர் நெருக்கியபோது, மிலான் பேராயர் அம்புரோஸ் கோகு என்றால் கோத்தியர் என்றார். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கிப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் துருக்கியர் என்றார். கிரிமியா யுத்தத்தில் ரஷ்யாவோடு இங்கிலாந்து மோதிய 1850-களில் லண்டன் பிரசங்கிகள் ரஷ்யா என்று முழங்கினார்கள். 1917 புரட்சிக்குப் பிறகு அது கம்யூனிசம் ஆயிற்று. யார் வாசிக்கிறாரோ அவர் நாட்டின் எதிரி யாரோ, அவனே கோகு. இருபது நூற்றாண்டில் "கோகு நாங்கள்தானோ" என்று பயந்து கேட்ட ஒரு வல்லரசின் பிரசங்கியை நான் படித்ததில்லை.

நம் கதை இன்னும் வினோதம். 1971-இல் இந்தியாவும் சோவியத் யூனியனும் நட்பு ஒப்பந்தம் போட்டன. நம் அரசாங்கத்துக்கு ரஷ்யா தோழன். ஆனால் நம் மேடையில் ரஷ்யா கோகு. காரணம், எங்கள் உபதேசியார் கையில் இருந்தது அமெரிக்கப் புத்தகம். 1970-இல் வந்த ஹால் லிண்ட்சேயின் 'த லேட் கிரேட் பிளானட் எர்த்' அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற புத்தகங்களில் ஒன்று. அங்கே விசுவாசிகள் மட்டும் அதை வாங்கவில்லை. சாதாரணக் கடைகளிலும் கிடைத்தது, 1979-இல் படமாகவும் வந்தது. 1948-இல் இஸ்ரேல் உண்டானது, ஒரு தலைமுறை நாற்பது வருடம், ஆகவே 1988 அளவில் முடிவு என்கிற கணக்கை உலகமெங்கும் பரப்பியது அதுதான். 1983-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்றழைத்த உரையை நிகழ்த்தியதே சுவிசேஷ சபைகளின் மாநாட்டில்தான். அடுத்த வருடத் தேர்தல் விவாதத்தில் உலக முடிவு யுத்தமான அர்மகெதோனைப் பற்றி அவரிடம் நேரடியாகவே கேள்வி கேட்டார்கள். அந்த அளவுக்குப் போயிருந்தது. கோர்பச்சேவ் வந்ததும் அவர் நெற்றி மச்சத்தையே முத்திரை என்றார்கள். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. என் நோட்டில் இருந்த வரைபடத்தை யாரும் வந்து திருத்தவில்லை.

அதே காலத்தில், மிருகத்தின் பத்துக் கொம்பும் ஐரோப்பாவின் பத்து நாடுகள் என்கிற விவகாரம் ஒன்றும் இருந்தது. 1981-இல் கிரீஸ் சேர்ந்தபோது ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பத்து நாடுகள். "பார்த்தீர்களா!" என்று ஆரவாரம். 1986-இல் பன்னிரண்டு ஆயிற்று. இன்று இருபத்தேழு.

செர்னோபிலையும் சொல்ல வேண்டும், இதில் தமிழுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. 1986 ஏப்ரலில் அந்த அணு உலை வெடித்ததும், செர்னோபில் என்ற பெயருக்கு அர்த்தமே வெளிப்படுத்தின விசேஷம் 8-ஆம் அதிகாரத்தில் தண்ணீரைக் கசப்பாக்குகிற நட்சத்திரத்தின் பெயர்தான் என்று பரவியது. செர்னோபில் ஒரு செடியின் பெயர், உண்மை. நம் மாசிபத்திரிக்கு உறவான செடி. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் சொல்லும் செடியும் அந்தக் குடும்பம்தான், ஆனால் வேறு இனம். நம் தமிழ் வேதத்தில் அந்த நட்சத்திரத்தின் பெயர் எட்டி. எட்டி மரம் உனக்குத் தெரியும், காய் ஆரஞ்சுப்பழம்போல இருக்கும், விதை விஷம். இந்த மரத்துக்கும் உக்ரைன் செடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் நமக்குத் தெரிந்த கசப்பைத் தேடி வைத்தார்கள், நல்ல காரியம் செய்தார்கள். ஆனால் பெயரை வைத்துக் கணக்குப் போடுகிறவர் எத்தனை மொழி தாண்டி வந்த பெயரை வைத்துப் போடுகிறார் என்று யோசிக்க வேண்டும்.

இனி சித்தி காட்டுகிற வசனத்துக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் 16 முதல் 18 வரை.

இது அரசியல் இல்லாத பகுதி என்று நான் சொல்லமாட்டேன். முழுக்க அரசியல்தான், ஆனால் ரோமாபுரியின் அரசியல். யோவான் பத்மு தீவில் இருந்து எழுதியது சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு. எபேசுவிலும் பெர்கமுவிலும் ரோமச் சக்கரவர்த்திக்குக் கோவில் இருந்தது. தியத்தீராவில் துணிச்சாயக்காரர், செம்புக் கொல்லர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருந்தது. பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த இரத்தாம்பர வியாபாரி லீதியாள் அந்த ஊர்க்காரிதான். சங்கத்து விருந்து என்றால் அங்கே சிலைக்குப் படையல் இருக்கும். கலந்துகொள்ளாதவனுக்கு வியாபாரம் எப்படி நடக்கும்? "கொள்ளவும் விற்கவும் கூடாதபடிக்கு" என்ற வரி அந்தக் கடைத்தெருவில் நின்று எழுதியது.

அதை ஏன் மிருகம், இலக்கம் என்று மறைத்து எழுத வேண்டும்? நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்குவது எளிது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் வழியில் வந்த அகிலத்திரட்டு என்ற ஏட்டை எடுத்துக்கொள். 1841-இல் எழுதியது. அதில் திருவிதாங்கூர் ராஜாவின் பெயர் வராது, கலிநீசன் என்று வரும். வெள்ளைக்காரன் வெண்நீசன். மேலாடைக்கும் வரிக்கும் அடிபட்டுக் கிடந்த ஜனங்கள் ஏடு வாசிக்கக் கேட்டபோது, கலிநீசன் யார் என்று ஒருவரும் அர்த்தம் கேட்டிருக்க மாட்டார்கள். இருநூறு வருடம் கழித்து வேறொரு நாட்டில் ஒருவர் அதைப் படித்து, கலிநீசன் என்றால் எங்கள் ஊர்ப் பிரதமர் என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "ஐயா, இது எங்கள் மண்ணில், எங்கள் பாட்டன்மார் பட்ட பாட்டில் பிறந்தது, முதலில் அதைக் கேளுங்கள்" என்போம். யோவானுக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

இலக்கமும் அப்படியே. நம் பழைய பத்திரங்களில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எல்லா எழுத்துக்கும் எண் உண்டு. பெயரைக் கூட்டி இலக்கமாகச் சொல்வது அன்றாட வழக்கம். "545 என்ற இலக்கத்துக்காரியை நான் நேசிக்கிறேன்" என்று பொம்பேயி நகரத்துச் சுவரில் ஒருவன் கிறுக்கிவைத்திருக்கிறான். நீரோ சக்கரவர்த்தியின் பெயரை 'நீரோன் கேசர்' என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டு: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. மொத்தம் 666. சில பழைய கைப்பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீனில் சொல்வதுபோல 'நீரோ' என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டால் ஐம்பது குறைந்து அந்த 616 வருகிறது. எல்லா அறிஞரும் நீரோதான் என்று முத்திரையடிக்கவில்லை, ஆனாலும் இரண்டு எண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்துகிற விளக்கம் எனக்குத் தெரிந்து இதுதான். "புத்தியுடையவன் கணக்குப் பார்க்கக்கடவன்" என்று யோவான் சொன்னது தன் சபையார் கணக்குப் பார்க்கக் கூடியதாக இருந்ததால்தானே? 1974-இல் வந்த பார்கோடையோ 2010-இல் வந்த ஆதாரையோ அந்த இலக்கம் குறித்தது என்றால், தியத்தீராவில் அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்டவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

666 என்ற எண்ணைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிற பழக்கத்தைப் பரப்பியதில் 1976-இல் வந்த 'த ஓமன்' என்ற ஹாலிவுட் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. யூதர் சீயோனுக்குத் திரும்பும்போது என்று தொடங்குகிற ஒரு பாட்டு அதில் வரும். வெளிப்படுத்தின விசேஷத்தில் உள்ளது என்று பாத்திரமே சொல்லும். அப்படி ஒரு பாட்டு வேதத்தில் இல்லை, படத்துக்காக எழுதியது. அந்திக்கிறிஸ்து என்கிற சொல்லே வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு இடத்திலும் வராது. யோவானின் நிருபங்களில் மட்டும் வரும், அங்கேயும் ஒருமையோடு "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் வரும். கோட்டு சூட்டுப் போட்ட ஒற்றை உலகத் தலைவனாக அவனுக்கு முகம் கொடுத்தது நாவல்களும் சினிமாவும்.

படம் விளக்கத்தை மாற்றுவது இன்றைக்கு வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதே. 1522 செப்டம்பரில் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வந்தபோது, வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் பாபிலோன் மகா வேசியின் தலையில் போப்பின் மூன்றடுக்குக் கிரீடத்தை வரைந்திருந்தார்கள். ஒரு பிரபு கோபித்தார். டிசம்பர் பதிப்பில் அச்சுக்கட்டையைச் செதுக்கிச் சாதாரணக் கிரீடமாக்கிவிட்டார்கள். ஒரே வருடம், ஒரே வசனம். படித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் அந்தப் படத்திலிருந்துதான் பாபிலோன் யார் என்று அறிந்தார்கள்.

1990-இல் குவைத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் இந்தியர்களை விமானத்தில் கொண்டுவந்தார்களே, அதில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுக்காரர்கள் உண்டு. கையில் ஒரு பையோடு வந்திறங்கினார்கள். அந்த மாதம் ஒரு கூட்டத்தில், சதாம் உசேன் பாபிலோனைத் திரும்பக் கட்டுகிறார், ஆகவே முடிவு வந்துவிட்டது என்று ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் மகிழ்ச்சியோடு பேசினார். முன் வரிசையில், கட்டிய வீட்டுக் கடனை எப்படி அடைப்பது என்று தெரியாமல் குவைத்திலிருந்து வந்த ஒருவர் தலைகுனிந்து இருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் இந்த வாசிப்பின்மேல் கோபம் வந்தது. வேதனைப்படுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது அவன் வேதனையை அட்டவணையில் ஒரு கட்டமாக்குவது கர்த்தருடைய வார்த்தைக்கு நாம் செய்யும் அவமரியாதை.

இஸ்ரேல் விஷயத்திலும் இதையே சொல்வேன். இயேசு சொன்ன உவமையில் அத்திமரம் துளிர்விட்டது என்றால் 1948-இல் இஸ்ரேல் உண்டானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மத்தேயு 24-இல் அத்திமரம் மட்டும் வருகிறது. லூக்கா 21-இல் அதே உவமை, "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று இருக்கிறது. மற்றெல்லா மரங்களும் எந்தெந்த நாடு? மரம் துளிர்த்தால் கோடை வரும் என்கிற எளிய பேச்சு அது. ஆனால் அந்த வாசிப்பின்மேல் இன்று ஒரு பெரிய அரசியல் கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. 2018 மே 14-இல் அமெரிக்கத் தூதரகம் எருசலேமில் திறக்கப்பட்டபோது நிறைவு ஜெபம் செய்தவர், இந்தத் தீர்க்கதரிசனப் போதனைக்குப் பேர்போன ஒரு அமெரிக்கப் போதகர். நம் பக்கத்துப் பெண்கள் அங்கே முதியவர்களைப் பராமரிக்கப் போயிருக்கிறார்கள். யூத வீடுகளில் அன்பாக நடத்தப்பட்டதைச் சொல்கிறார்கள். பெத்லகேமில் அரபி பேசுகிற கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராதிக்கிறார்கள். இரண்டு பக்கமும் இரத்தமும் சதையுமான மனுஷர். அங்கே யுத்தம் மூண்டால் "வருகை சமீபம்" என்று நம் கூட்டங்களில் கைதட்டு விழுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, பெருவிரல். சித்தியிடம் வாக்குவாதம் வேண்டாம், இரண்டு காரியம் மட்டும் எடுத்துக் காட்டு. மிருகத்தின் முத்திரை வெளியே இருந்து ஒருவன்மேல் போடப்படுவது. கைரேகை தாயின் வயிற்றிலேயே தேவன் வரைந்தது, மெஷின் அதைப் பார்க்கத்தான் செய்கிறது. அடுத்தது, அந்த அதிகாரத்தில் முத்திரையைத் தனியாகப் பிரித்து எடுக்கக்கூடாது. "வணங்கினார்கள்" என்ற சொல் அங்கே எத்தனை தடவை வருகிறது என்று அவரையே எண்ணச் சொல். யாரை வணங்குகிறாய் என்பதுதான் அங்கே கேள்வி. ரேஷன் கடைக்காரர் யாரையும் வணங்கச் சொல்லவில்லை.

ஆனால் சித்தியின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அவரிடமிருந்து பறித்துவிடாதே. முப்பது வருடம் ரப்பர் வெட்டிக் கத்தியும் பாலும் பட்டு ரேகை தேய்ந்துபோன கிழவரின் விரலை மெஷின் ஏற்காமல், அரிசி இல்லாமல் திரும்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். இப்போது பல இடங்களில் செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்துக் கொடுக்கிறார்கள். போன் இல்லாதவர் பாடு? "கொள்ளவும் விற்கவும் கூடாதபடிக்கு" என்ற வசனம் அந்தக் கிழவர் நிற்கிற இடத்தில்தான் நம்மைச் சுட வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் விவரங்களை அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதைக் குடிமக்களாகக் கேட்போம், பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போம். ரேஷன் கார்டை மடக்கிப் பெட்டிக்குள் வைப்பதால் அந்தக் கிழவருக்கு ஒரு பிடி அரிசி கிடைக்காது.

கடைசியாக ஒன்று. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சித்தியோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசி. 18-ஆம் வசனத்தில் நிறுத்தாதே. அதிகாரம் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில். யோவான் எழுதியபோது அங்கே இடைவெளி இல்லை. 666 என்று முடிந்த அடுத்த வரியிலேயே சீயோன் மலையின்மேல் ஆட்டுக்குட்டியானவர் நிற்கிறார், அவரோடு நிற்கிறவர்களின் நெற்றிகளில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. 7-ஆம் அதிகாரத்தில் தேவனுடைய ஊழியக்காரரின் நெற்றியில் போடுவதும் முத்திரைதான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல், தமிழில் ஒரே சொல்லாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ நமக்கு முத்திரை என்றாலே பயம் மட்டும் நினைவில் நிற்கிறது. உபாகமம் 6-ஐயும் திறந்து வை: தேவனுடைய வார்த்தையைக் கையின்மேல் அடையாளமாகக் கட்டு, கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாக வை என்று மோசே சொல்கிறார். கை, நெற்றி. யோவான் அங்கிருந்து எடுத்ததாகவே எனக்குப் படுகிறது. சித்தி நாற்பது வருடமாக உபாகமம் வாசிக்கிறவர், அவருக்கே பளிச்சென்று தெரியும்.

வாசித்து முடித்ததும் நீ ஒன்றும் பேசாதே, அவர் பேசட்டும். ஒரே நாளில் மாறாவிட்டாலும் நெருக்காதே. அதுவரை கார்டில் பெயர் உள்ள நீயோ சித்தப்பாவோ போய் அரிசியை வாங்கி வாருங்கள், மாதம் முடிந்தால் அந்த மாதப் பங்கு போய்விடும்.